கட்டுக்கம்பி போட்ட பெட்டி

டூட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நாகலிங்கம், ரூம் வாசலில் கிடந்த பிய்ந்துபோன சேப்டி ஷூவுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். பூட்டு பூட்டியபடிதான் தொங்கியது. திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டார். கட்டிலுக்கு அடியில் அவருடைய பெட்டி இல்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பெருக்குவதற்காக எவனோ நகர்த்திவிட்டான் என்று நினைத்து எட்டுக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் சுரேஷ்குமாரின் டேப்ரெக்கார்டர் இருந்த இடத்தில் தூசி மட்டும் சதுரமாக இருப்பது கண்ணில் பட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அது மூன்று வருஷம் கழித்து லீவில் போகிறவனின் பெட்டி. அன்று திங்கள், வியாழன் ராத்திரி ப்ளைட். துபாய் அல் கோஸில் எந்தக் கேம்பிலும் உள்ள வழக்கம்தான், ஊருக்குப் போகிறவனிடம் மற்றவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடுவது. சுரேஷ்குமார் தங்கச்சிக்கு ஒரு வாட்ச் கொடுத்திருந்தான். கேம்ப் வாசலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கீழக்கரை அஸ்கர் அலி பாய், மனைவி ரஹீமா பீவிக்கு மூட்டுவலித் தைலமும் இரண்டு சேலையும் கொடுத்திருந்தார். நாகலிங்கம் எல்லாவற்றையும் அடுக்கி, பாய் கடை வெங்காயத் தராசில் நிறுத்துப் பார்த்து, இரண்டு சோப்புக் கட்டிகளை வெளியே எடுத்துப்போட்டு எடையைச் சரிக்கட்டியிருந்தார்.

நாகலிங்கம் கம்பி கட்டுகிறவர். காங்கிரீட்டுக்குள் போகும் கம்பியைக் கட்டுக்கம்பியால் முறுக்கி முறுக்கிப் பதினெட்டு வருஷத்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. கயிறு என்றால் எவனும் அறுத்துவிடுவான் என்று பெட்டிக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுக்கம்பி போட்டு, எட்டு இடத்தில் முறுக்கினார். அதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்தார். லாக்கருக்குப் பூட்டு கிடையாது, சட்டைப்பையில் வைத்தால் சைட்டில் விழுந்துவிடும் என்று, கம்பெனி ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். யாரும் பெட்டியைத் திறக்க முடியாது என்றுதான் நினைத்தார். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை தஞ்சாவூரில் மனைவி சுசீலாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். எட்டு மாதமாக உதிரப்போக்கோடு தள்ளிப்போட்டு வந்தாள். உன் அண்ணன் கையெழுத்துப் போடட்டும் என்று இவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். நீங்கள் வந்து வாசலில் நிற்காவிட்டால் நான் மேசையில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஆட்கள் ஒவ்வொருவராக டூட்டி முடிந்து வந்து சேர்ந்தார்கள். போனது என்ன என்று பார்த்ததும், எல்லார் பார்வையும் கடைசியாக வந்த அம்மையப்பன் மேல் விழுந்தது. அறந்தாங்கிப் பக்கம் நாகலிங்கத்துக்கு அடுத்த ஊர்க்காரன். ஏழு மாதம் சம்பளம் தராத கம்பெனியை விட்டு ஓடிவந்தவன், விசா கிடையாது. நாகலிங்கம் சொன்ன சொல்லுக்காக ரூமில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக எட்டுப் பேருக்கும் சமைத்துப்போட்டுக்கொண்டு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தான்.

"பூட்டு உடையல, கதவு உடையல. பகல் பூரா ரூம்ல கெடக்கிறவன் ஒருத்தன்தான். இதுக்கு என்ன துப்பறியணும்?" என்றான் சுரேஷ்குமார்.

அம்மையப்பன் கோபப்படவில்லை. பதினோரு மணிக்கு விசா செக்கிங் வருகிறது என்று பக்கத்து ரூமில் சொன்னார்களாம். ரூமைப் பூட்டி, சாவியை ஷூவில் போட்டுவிட்டு, பின்னால் பாதி கட்டி நிற்கும் கட்டடத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தானாம். ஷூவில் சாவி வைப்பது அவன் கொண்டுவந்த பழக்கம் இல்லை. எட்டுப் பேர் திரும்புவது எட்டு நேரத்தில், சாவி ஒன்று. ஏற்பாடு நாகலிங்கத்துடையது. அது கேம்பில் தெரியாத ஆளும் இல்லை.

நாகலிங்கம் அவனை நம்பினார். ஆனாலும் அவன் வைத்த சோற்றை அன்றைக்குத் தொடவில்லை. கோபத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே.

மறுநாள் காலை ஆபீஸில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். போலீஸ் பேப்பர் இல்லாமல் எதுவும் நடக்காது. ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தார். சாயங்காலம் வந்து ரூமைப் பார்க்கிறோம் என்றார்கள். அவர் திரும்பி வந்தபோது அம்மையப்பன் கிச்சனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மையப்பா, சாயங்காலம் போலீஸ் வருது."

கத்தி நிற்கவில்லை. "எத்தனை மணிக்குண்ணே?"

"தெரியல. நாலுக்கு மேல இருக்கும்."

"கொழம்பக் கூட்டி எறக்கி வச்சிட்டுப் போறேன்."

போக வேண்டாம் என்று சொல்ல நாகலிங்கத்துக்கு வாய் வரவில்லை. எங்கே போவாய் என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவான், அதைக் காதில் வாங்க வேண்டும். அம்மையப்பன் இரண்டு சட்டையையும் ஒரு கைலியையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். பாயைச் சுருட்டி ப்ரிட்ஜுக்குப் பின்னால் செருகினான். வாசலில் நின்று சாவியை நாகலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்து, "இனிமே ஷூவுல வைக்காதீங்கண்ணே" என்றான்.

போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்கு உருது தெரிந்தது. பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவி எங்கே இருந்தது என்று கேட்டான். நாகலிங்கம் ஷூவைக் காட்டினார். இன்னொருவனுக்கு அதை அரபியில் சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். திருடனுக்குச் சாயாவும் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்றான் உருதுக்காரன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டுக் கட்டில், எட்டுப் பேர், எல்லாம் சரி. ப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பாயை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை அந்தப் பேப்பரோடு பர் துபாயில் இந்தியக் கான்சுலேட்டுக்குப் போய்க் கால் கடுக்க வரிசையில் நின்றார். வாசலில் பாரம் டைப் அடித்துக் கொடுக்கிறவன், புது பாஸ்போர்ட்டுக்கு ஒரு மாதமாவது ஆகும், அப்புறம் விசாவை அதில் மாற்றிக் குத்த வேண்டும் என்றான். வியாழக்கிழமை ப்ளைட் என்று நாகலிங்கம் சொன்னதற்கு அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாகலிங்கம் சுசீலாவுக்குப் போன் போட்டார். நாளை ராத்திரிதானே என்று மட்டும் கேட்டாள். ம் என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு பேப்பருக்காக ஒருத்தனை வெளியே அனுப்பியாயிற்று; அந்தப் பேப்பர் மூக்குச் சிந்தக்கூட ஆகாது.

திரும்பி வரும் பஸ்ஸில் மொபைல் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, நாந்தான். பழைய ஷூவுல கை விட்டுப் பாருங்க. சிமெண்ட் பிளாக் கம்பெனி மதிலுக்குப் பின்னாடி மணல்ல உங்க பெட்டி கெடந்துச்சு. நீங்க போட்ட முறுக்கு ஒண்ணுகூட அவுறலண்ணே. பக்கவாட்டுல பிளேடால கிழிச்சு எடுத்திருக்கான்."

"பொட்டலமெல்லாம்?"

"தைல பாட்டில் ஒடஞ்சு கெடக்கு. வேற ஒண்ணுமில்ல. பாஸ்போர்ட் அவனுக்கு எதுக்கு, வீசிட்டான்."

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திருப்பி அடித்தால் எடுக்க ஆள் இல்லை, பூத் நம்பர்.

ஷூவுக்குள் பாஸ்போர்ட் இருந்தது, பாலித்தீன் கவரில் சுற்றி, தைல வாசனையோடு. நாகலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார். அங்கே இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். நம்பரைத் திருட்டுப்போனது என்று போலீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இதோடு ஏர்போர்ட் போனால் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள், முதலில் ஸ்டேஷனில் போய் வாபஸ் வாங்கு என்றார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அதே உருதுக்காரன் முன்னால் நின்றார். கிடைத்துவிட்டது என்றதும் அவன் பேனாவை எடுத்தான். யார் கண்டெடுத்தது? அந்த ஆளை வரச்சொல். பெட்டி கிடந்த இடத்தைக் காட்டட்டும், கையெழுத்துப் போடட்டும், அவனுடைய பத்தாக்காவும் வேண்டும் என்றான். பத்தாக்கா என்றால் விசாக்காரனின் அடையாள அட்டை. அம்மையப்பனுக்கு அதற்கு எங்கே போவது?

நாகலிங்கம் தெரிந்த இந்தியில் சொன்னார்.

"யாரும் எடுக்கல சார். என் ஷூவுலயே இருந்துச்சு. நாந்தான் வச்சு மறந்துட்டேன்."

போலீஸ்காரனுக்கு முகம் கறுத்தது. எங்களை என்ன வேலையற்றவர்கள் என்று நினைத்தாயா என்று பத்து நிமிஷம் திட்டினான். நாகலிங்கம் கைகட்டி வாங்கிக்கொண்டார். புகார் வாபஸ் என்று அரபியில் எதையோ எழுதி, இங்கே கையெழுத்துப் போடு என்றான். போட்டார். பெட்டி போனது நிஜம் என்று மெல்ல ஆரம்பித்தார். அவன் பைலை மூடி, முடிந்தது என்பதை அரபியில், "கலாஸ்" என்றான். பெட்டியும் அதோடு கலாஸ்.

அவர் கேம்புக்கு வந்து சேர்வதற்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஆபீஸுக்குப் போன பேப்பரை யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். பாய் கடையைத் தாண்டும்போது சலாம் வைத்தார். அஸ்கர் அலி பாய் தராசில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தார். தட்டு இறங்கின பிறகும் இன்னும் இரண்டு எடுத்துப் போட்டார், தலை நிமிரவில்லை.

டூட்டி போகாமல் படுத்திருந்த சுரேஷ்குமார் எழுந்து உட்கார்ந்தான். "பாஸ்போர்ட் ஒன் ஷூவுலயே இருந்துச்சாமே? அப்ப பெட்டியும் எங்கயாச்சும் மறந்து வச்சிருப்பண்ணே. நல்லா யோசிச்சுப் பாரு. என் தங்கச்சி வாட்சும் அதோட இருக்கும்."

நாகலிங்கம் வாயைத் திறந்தார். அம்மையப்பன் கொண்டுவந்து வைத்தான் என்று சொன்னால் போதும். எடுத்தவன்தானே எங்கே கிடக்கிறது என்று அறிவான் என்பான் இவன். அப்புறம் அந்தப் பேச்சு அறந்தாங்கிவரை போகும். "யோசிச்சுப் பாக்குறேன்" என்றார்.

அன்று ராத்திரி யாரும் ஒரு கடுதாசிகூடக் கொடுத்துவிடவில்லை. எடை பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு சோப்புக் கட்டிகளை மட்டும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு நாகலிங்கம் ஏர்போர்ட்டுக்கு வண்டியேறினார்.