இரண்டு கல் உப்பு

காய்ச்சலோடு ஓடைக்குக் குளிக்கப் போன எதிர்வீட்டுக் கணேசமூர்த்தி கரையிலேயே விழுந்து இறந்தார். எலிக்காய்ச்சல், எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருவது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன்பிறகு எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாரும் ஓடையில் இறங்கவில்லை. குழாய் வறண்டு ஒரு மாதம். பக்கத்து ஊரான ரந்தாவிலிருந்து லாரியில் வரும் தண்ணீர் சமைக்கவே போதவில்லை.

நான் சிரம்பானில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அந்தக் கிருமியைக் கண்டறியும் சோதனை ஒன்றை அங்கே உருவாக்கிவந்தோம். ஒரு டி.என்.ஏ. இழை, அதில் சில வெள்ளி அணுக்களின் கொத்து. கிருமியின் டி.என்.ஏ. தண்ணீரில் இருந்தால் இழை அதோடு ஒட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கின் கீழ் கொத்து சிவப்பாக ஒளிரும்.

“ஓடைத் தண்ணிய நீ பாத்துச் சொல்லேன் லோகேஸு,” என்றாள் பக்கத்து வீட்டுத் திலகா அக்கா.

“மூணு வார்த்தை சேந்தாப்ல பேசமாட்டா, இவ ரிப்போட்டு குடுப்பாளா?” என்று அவள் கணவர் புனிதன் சிரித்தார். எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். காலில் எப்போதும் முள் கீறல்.

அக்காவிடம் சுத்தமான போத்தல் ஒன்றைக் கொடுத்தேன். ஞாயிறு மாலை நிரப்பி வைத்தாள். திங்கள் விடியலில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

ஆய்வகத்தில் சோதனைக் குழாய் ஒளிரவில்லை. அதே தண்ணீரில் கிருமியின் டி.என்.ஏ.வைக் கலந்து, அப்போதாவது ஒளிர்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பார்க்கவில்லை.

“எறங்கலாமா?” என்றார் புனிதன் அண்ணன்.

“சுத்தம்தான்.”

“பேசிட்டா லா!” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல். கண் மஞ்சளானது. பிறகு சிறுநீர் நின்றது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தார்கள்.

என்னால் நம்ப முடியவில்லை. நானே தண்ணீர் எடுத்துப்போய்ச் சோதித்தேன். சிவப்பு.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அன்னிக்குப் போத்தல எங்கக்கா வெச்சிருந்தீங்க?”

“அடுப்படியிலதான். செத்த எடத்துத் தண்ணிய சும்மா எப்படி வீட்டுக்குள்ள வெக்கிறது? ரெண்டு கல்லு உப்பு போட்டுத்தான் வெச்சேன்.”

உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். கொத்து கலைந்துவிடும். கிருமி இருந்தாலும் குழாய் இருட்டாகவே இருக்கும். இது எனக்குத் தெரியும்.

“ஏன் கேக்குற? போடக்கூடாதா?”

அவள் எதிரே உட்கார்ந்தேன். சொன்னேன்.

“உப்பு இருந்தா வெளிச்சம் வராதுக்கா. நான்தான் சரிபாத்திருக்கணும். பாக்காம சுத்தம்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடதுக்கா.”

“உப்புனாலயா?” என்றாள்.

“இல்லக்கா. என்னாலதான்.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியோடு வந்தாள். என்னைத் தாண்டி வாசலுக்குப் போய் அதைக் கவிழ்த்துக் கொட்டினாள்.