துணியில் பிழிந்த உருளைக்கிழங்கு

மூன்றாவது கறி உருண்டையும் எண்ணெயில் உடைந்து சிதறியது. ஸ்டாலோ சல்லிக்கரண்டியால் தூளை அள்ளித் தட்டில் போட்டாள். உள் அறையில் கிடந்த அவள் அம்மா பொலிக்ஸேனி நாலு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. இன்று விடிந்ததும், "கெஃப்தேதெஸ் உருண்டை பொரிக்கிற வாசனை வேணும்" என்று மட்டும் கேட்டிருந்தாள். இன்று மாலை தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா யாகோவிஸ் கூடத்தில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் கழுத்துப் பொத்தான் போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"பன்றிக்கறி, புதினா, பட்டை எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கா," என்றாள் அவருடைய அக்கா எலெங்கு, அடுப்படியை எட்டிப் பார்த்து. "கைதான் வரலை."

"அம்மா செய்யறப்ப கதவைச் சாத்திக்குவாங்க அத்தை. என்னை உள்ள விட்டதே இல்ல."

"உங்கப்பனைக் கேளேன். எங்க வீட்டு ஆம்பளைங்க அடுப்படியை மிதிச்சதில்லைன்னு காபிக் கடையில நாப்பது வருஷமா பெருமை பேசுறவன்."

யாகோவிஸ் எழுந்து மனைவியிடம் போனார். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கிழங்குல தண்ணி நிக்குது. வாசனையிலயே தெரியுது."

"ம்."

"விடுங்க. அவ செஞ்சது போதும். வெளிய உங்க அக்கா இருக்காங்க."

கல்யாணமான மறு வருடம் ஆலிவ் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து பொலிக்ஸேனியின் வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையால் எதையும் முறுக்க முடியவில்லை. துருவிய உருளைக்கிழங்கைத் துணியில் கட்டிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால்தான் உருண்டை நிற்கும். ஐம்பத்திரண்டு வருடமாக, சாத்திய கதவுக்குப் பின்னால் பிழிந்தது யாகோவிஸ்தான். அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. சாகக் கிடக்கும்போதும் அவர் மானத்தைத்தான் காக்கிறாள்.

யாகோவிஸ் அறையை விட்டு வெளியே வந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

"டேய் யாகோவி, உனக்கு இங்க என்னடா வேலை?"

"பிழியற வேலை. ஸ்டாலோ, வேற கிழங்கு துருவும்மா."

அவர் துணியைக் கட்டி முறுக்கினார். கலங்கிய நீர் கிண்ணத்தில் வழிந்தது.

"போதுமாப்பா?"

"துணி கிறீச்சுனு சத்தம் போடணும். அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு முறுக்கு."

எலெங்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை நாளா?"

"ஐம்பத்திரண்டு வருஷமா."

"என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வெங்காயம் உரிச்சாருன்னு ஊரைக் கூட்டிச் சிரிச்சியேடா பாவி."

"அவருக்கு உரிக்கத் தெரியலை அக்கா."

எலெங்கு முந்திக்கொண்டு வந்த சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்கள் நிறைந்திருந்தன.

இந்த முறை உருண்டைகள் உடையவில்லை. பட்டையும் புதினாவும் கலந்த வாசனை வீட்டை நிறைத்தது. யாகோவிஸ் உள் அறைக்குப் போய் ஒன்றைப் பிட்டு ஊதி, ஒரு துணுக்கை மனைவியின் நாக்கில் வைத்தார். அவள் வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள்.

"கதவு திறந்திருந்துச்சா?"

"திறந்துதான் இருந்துச்சு."

"உப்பு சரியா இருக்கு," என்றாள்.

மாலைப் பூசை மணி அடிக்கும்போது அவர் கைக்குள் இருந்த அவள் கை கனத்தது.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் ரொட்டியும் ஆலிவ் காயும் ஒயினும் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். யாகோவிஸ் கடைசி ஆள் போகும்வரை நிமிர்ந்தே நின்றார்.

நாற்பதாம் நாள் வழிபாடு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாலோ அடுப்படி மேசையில் துருவிய கிழங்கையும் வெள்ளைத் துணியையும் வைத்தாள். அடுப்படி வாசலுக்கு நேரே தெருவில், காபிக் கடையில் யாகோவிஸோடு உட்காருகிறவர்கள் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்," என்றார் யாகோவிஸ்.

தெருவில் போனவர்களில் ஒருவர் நின்று பார்த்தார். யாகோவிஸ் அவருக்குத் தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டு, துணியை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினார்.