அசல் சேர்மன் பேசுகிறார்

சட்டையின் மேல் பொத்தானை மாட்டினால் ஆபரேஷனில் தொண்டையில் போட்டிருந்த ஓட்டை மறைந்தது. ஆனால் ஆளைப் பார்த்தால் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் புறப்பட்டவர் போலிருந்தார். அவள் மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"விடும்மா, நல்லாத்தான் இருக்கு," என்றாள் மகள்.

"உங்கப்பாவுக்குக் கழுத்துப் பட்டன் போட்டா மூச்சு முட்டும்டி."

மூச்சு நின்றுபோன ஆளைப் பற்றி என்ன சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கமில்லாத கண்ணுக்கு அறை லேசாக மிதந்தது. ஜன்னல் வெயில், சுவரோர நாற்காலிகள், வந்தவர்களின் முணுமுணுப்பு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தன.

அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அது வயிற்றுக்கு. மனசுக்கு வேறொரு வேலை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருமுனை டீக்கடை பெஞ்சில் ஏறி, டம்ளரை மைக்காகப் பிடித்துக்கொண்டு நகராட்சி சேர்மனின் குரலில் பேசுவார். மூக்கால் ஒரு இழுப்பு, வாக்கிய முடிவில் ஒரு குழைவு, கைதட்டலுக்காக ஒரு நிறுத்தம். தெருவில் சாக்கடை பொங்கி ஓடியபோது, "நமது நகரத்துக்கு ஒரு நதி வேண்டுமென்று கேட்டீர்கள், தந்துவிட்டேன்! அடுத்தது படகு!" என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செவ்வாய்க்கிழமை அடைப்பெடுக்க ஆள் வந்துவிட்டது. ஊருக்கு அவர்தான் 'நம்ம சேர்மன்'. பதவியில் இருந்தவர் வெறும் 'அசல்'.

பெஞ்சிலிருந்து அவர் இறங்கினாலும் குரல் இறங்காது. வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்து, "இல்லத்தரசி அவர்களே, உப்புக்கு இந்த ஆண்டும் நிதி ஒதுக்கவில்லையா?" என்பார். அவள் கரண்டியை ஓங்குவாள்.

யாரையும் பதிவு பண்ண மட்டும் விடமாட்டார். "போன்ல பிடிச்சா அது சாட்சி. வாயால விட்டா வெறும் காத்து. காத்து மேல எவன் கேஸ் போடுவான்?"

பெரிய கெட்டிக்காரர்தான்! போன வருஷம் குரல்வளையை எடுத்த பிறகு வெறும் மூச்சுச் சத்தம்தான் மிச்சம். நேற்றிலிருந்து அவர் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள். வருவேனா என்கிறது. கூடவே இருந்து கேட்ட குரல், எங்கே போய்த் தொலைந்தது பாவி! ஒரே ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அனுப்பிவைத்துவிடலாம். அதற்காகத்தான் 'தூக்கலாமா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'இருங்க, இருங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் சலசலப்பு. அசல் சேர்மன் வந்திருந்தார்.

வாசலுக்கு நேரே சாக்கடைக் கால்வாயைத் தோண்டி மூடாமல் போட்டிருந்தார்கள். நம்ம சேர்மனின் பேச்சு நின்ற மாதம் தோண்டியது. இறுதி ஊர்வல வண்டிகூடத் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சேர்மன் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நடந்து வந்தார்.

"அந்த ஆளை உள்ள விடாதம்மா," என்று மகள் காதைக் கடித்தாள். "இருக்கும்போது கேஸ் போடுவேன்னு மிரட்டிட்டு, இப்ப சொந்தம் கொண்டாட வந்திருக்காரு."

"வந்துட்டுப் போறார், விடு."

சேர்மன் மலர் வளையத்தை வைத்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே…"

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அவரேதான்! அதே இழுப்பு, அதே குழைவு.

"மறைந்த நண்பர் என்னைக் கிண்டல் செய்தார் என்பார்கள். இல்லை! அது என்மீது அவர் கொண்ட பேரன்பு…"

கூசாமல் புளுகினார். புளுகட்டும், அவளுக்கென்ன. பேசுங்க, நிறுத்தாதீங்க என்று மனசு கெஞ்சியது. மூடிய கண்ணுக்குள் சாயங்காலமாகிவிட்டது. டீக்கடை ஆவி, மங்கிய வெளிச்சம், பெஞ்சுமேல் அவர், கையில் டம்ளர். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அதுவும் அங்கிருந்தே வந்தது.

"இந்தக் கால்வாய் விஷயம் என் மேலான கவனத்துக்கு வந்துள்ளது. விரைவில் ஆவன செய்யப்படும்!" என்று சொல்லி நிறுத்தினார்.

நம்ம சேர்மனும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் "எப்போ?" என்று கேட்கும். பிறகு தெருவே சேர்ந்து கேட்கும். முதல் 'எப்போ' எப்போதும் அவளுடையது.

எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. கேட்டால் இந்த ஆள் திணறி நின்றுவிடுவார், குரலும் போய்விடும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அவர் இருப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

யாரும் கேட்காததில் சேர்மனுக்குத் தெம்பு வந்தது. "நகரமே இன்று கண்ணீரில் மிதக்கிறது…" என்று நீட்டினார். அவள் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள். ஐயோ, எவ்வளவு நல்லாயிருக்கு!

மகள் தோளைத் தொட்டாள். "அம்மா…" அவ்வளவுதான் சொன்னாள்.

இந்தக் குரலில் அவர் பெஞ்சுமேல் ஏறிப் பேசியது எதற்காக? அந்த ஒரு கேள்வியைக் கேட்க வைக்கத்தானே. அவள் இன்னும் ஒரு வாக்கியத்துக்குக் காத்திருந்தாள். அதுவும் முடிந்தது.

"எப்போ?" என்றாள்.

"எப்போ?" என்றது அறை. "எப்போ?" என்றது வாசல். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அழுதுகொண்டே கேட்டாள்.

"அது வந்து… டெண்டர் இன்னும் விடலம்மா," என்றார் சேர்மன். இழுப்பும் இல்லை, குழைவும் இல்லை. சளி பிடித்த, யாரோ ஒரு மனிதனின் சின்னக் குரல்.

"ஏன் விடல?" தையல்காரம்மாதான்.

"யாரும் கேக்கல, அதான்…" வாய் தவறி வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இப்பக் கேட்டாச்சு," என்றாள் மகள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மூடிடறேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று மகள் கூட்டத்தைப் பார்த்தாள்.

கேட்டுக்கொண்டோம் என்றார்கள். சேர்மன் ஒரு நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அறை மிதக்கவில்லை. நாற்காலி நாற்காலியாக இருந்தது. காதுக்குள் தேடிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அடக்காமல் அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, தூக்குங்கப்பா," என்றாள்.

நாலு பேர் பக்கத்தில் வந்தார்கள். "ஒரு நிமிஷம்," என்று அவர்களை நிறுத்தி, அவர் காதருகே குனிந்தாள்.

"வெள்ளிக்கிழமையாம்," என்றாள்.

அவர்களுக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.