குளிர்ந்த திருவமுது

மங்கையர்க்கரசியின் தொண்டையில் முப்பது ஆண்டுகளாகக் குளிர்ந்த பொருள் எதுவும் இறங்கியதில்லை. தார்ச்சாலை இளகும் வெயிலிலும் அவர் இளஞ்சூடான சீரக நீரையே பருகுவார். பதிகம் பாடும் மிடறு இறைவன் உலவும் திருவீதி, அங்கே பனி பெய்யலாகாது என்பது அவர் கொண்ட நெறி. கணவர் கலியாணசுந்தரம் பட்டுத்தறியிலிருந்து வியர்த்து நனைந்து எழுந்தாலும், மனைவியின் நோன்புக்குத் துணையாகத் தாமும் குளிர்நீரைத் துறந்திருந்தார். அவ்வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறியும் பூசைக்குரிய மல்லிகையும் இருக்கும். ஃப்ரீசர் மட்டும் வாங்கிய நாள் முதல் வெறுமையாகவே கிடந்தது.

அந்த நெறியில் இப்போது ஒரு மருத்துவர் குறுக்கிட்டார். ஆண்டுதோறும் வீங்கி வருத்திய டான்சில் சதையைப் பங்குனிக் கடைசியில் அறுத்தெடுத்தவர், வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொன்னார்: "சூடா எதுவும் வேணாம்மா. சில்லுனு, வழவழன்னு இருக்கிறதா நிறையக் குடிங்க. குடிக்காம விட்டா புண்ணு காய்ஞ்சு வெடிச்சு ரத்தம் வரும். அப்புறம் பாட்டெல்லாம் இப்போதைக்கு மறந்துட வேண்டியதுதான்."

பாட்டை மறப்பதா! சித்திரைச் சதயத்தன்று தெருவின் சிவன் கோயிலில் குருபூசை. அன்று மாலை திருவீதி உலாவில் ஓதுவார்க்குப் பின்னால் நின்று, அவர் எடுத்த அடியை வாங்கிப் பல்லாண்டுகளாக வழிப்பதிகம் பாடிவந்த மங்கையர்க்கரசியை இவ்வாண்டுதான் முன்னின்று பாடும்படி கோயில் குழுவினர் கேட்டிருந்தார்கள். அப்பேற்றுக்காகவே அவர் அறுவைக்கு உடன்பட்டார். ஆயினும் குளிர்ந்ததைக் குடிக்க மட்டும் உடன்படவில்லை.

பேசினால் வலித்தது. ஆகவே பாட்டுக்குப் பிடிக்கும் வெண்கலக் கைத்தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அதனாலேயே விடை சொன்னார். ஒரு தட்டு என்றால் 'ஆம்'. இரண்டு தட்டு என்றால் 'வேண்டாம்'. கலியாணசுந்தரம் கடையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கி வந்து நீட்டியபோது, 'டங், டங்' என்ற ஓசை பக்கத்து வீட்டுத் தறியையும் நிறுத்தியது.

"இன்னாடா, உன் வூட்டுல பூசையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் கமலவேணி. கலியாணசுந்தரத்தின் அக்காவான அவர் அடுத்த வீட்டுக்காரர். தம்பி வீட்டில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவர்.

"பூசையில்லக்கா. வேணாம்ங்கிறா."

"வேணாம்னா இங்க குடு. உருகுது பாரு." ஐஸ்கிரீம் கமலவேணியிடம் அடைக்கலம் புகுந்தது.

இரண்டு நாளில் மங்கையர்க்கரசியின் உதடு வெடித்தது. சீரக நீர் பட்டாலே கண் கலங்கியது. மூன்றாம் மிடறுக்கு மேல் குவளையைத் தள்ளிவிடுவார். நலம் கேட்க வந்த கோயில் குழுத் தலைவர் பஞ்சாட்சரம், வாசற்படியிலேயே தயங்கி நின்றார்.

"சுந்தரம், தப்பா எடுத்துக்காதபா. வாலாஜாபாத்ல ஒரு தம்பி நல்லாப் பாடுதாம். எதுக்கும் அதுங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

உள்ளிருந்து இரண்டு தட்டு விழுந்தது. முன்னைக் காட்டிலும் ஓங்கி.

"கேட்டுச்சுமா, கேட்டுச்சு," என்று பஞ்சாட்சரம் பின்வாங்கினார். "ஆனா, வர்ற வாரம் டாக்டர் இன்னா சொல்றார்னு பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்."

அன்றிரவு உணவின்போது கலியாணசுந்தரத்துக்கு ஓர் எண்ணம் உதித்தது. மனைவி ஐஸ்கிரீமை மறுப்பார், மருத்துவரை மறுப்பார், கணவரையும் மறுப்பார். பிறைசூடிய பெருமானுக்குப் படைத்து இறக்கிய பிரசாதத்தை மறுப்பாரோ? பால் குளிர்ச்சி, கனி குளிர்ச்சி. கங்கையைச் சடையில் தாங்கியவனுக்கு இதைப் படைப்பதில் குற்றம் ஏது? மாங்கனியும் பாலும் சேர்த்து ஒரு குளிர்ந்த திருவமுது ஆக்கிப் படைப்பதென்று அவர் உறுதி பூண்டார். அதில் சூழ்ச்சி கொஞ்சமும் பக்தி நிறையவும் இருந்தது.

நிவேதனத்துக்கு விதி உண்டு. ஆக்குபவர் அதைச் சுவைக்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது. முதல் மணமும் முதல் சுவையும் இறைவனுக்கே உரியவை. அவ்விதியைக் கலியாணசுந்தரம் எழுத்துப் பிசகாமல் காத்தார். விடியலில் நீராடித் திருநீறு பூசி, பால் கலந்த மாம்பழச் சாற்றில், இரவே உறையவைத்த ஐஸ்கட்டிகளைப் போட்டு மிக்ஸியில் அரைத்தார். பூசையறையில் படைத்து, மணி அடித்து, டம்ளரோடு மனைவியின் முன் நின்றார்.

"பிரசாதம் மங்கை."

மங்கையர்க்கரசி கணவரை ஒரு கணம் உற்று நோக்கினார். பிறகு பணிவோடு வலக்கையைக் குழித்து நீட்டினார். பிரசாதம் ஒரு துளியே போதுமென்பதும் விதிதானே! அத்துளியில் அரைபடாத பனிச்சில்லு ஒன்று இருந்தது. புண்ணில் அது உரசியதும் அவர் கண்ணில் நீர் பெருகியது. தாளத்தைத் தட்டவும் மறந்து போனார்.

கலியாணசுந்தரம் நாள் முழுதும் தறியில் உட்கார்ந்தும் ஒரு முழம் நெய்யவில்லை. மாலையில்தான் தெளிந்தார். உறைய வேண்டியது நீரன்று, கனி. கனியே உறைந்தால் சில்லு ஏது? உடனே பங்கனப்பள்ளிப் பழங்களைத் தோல் சீவி நறுக்கினார். எதில் வைப்பது? எச்சில் படாத, உப்புப் புளி படாத பாத்திரம் வேண்டும். வீட்டிலேயே தூயது பூசைப்பூ வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. பல்லாண்டாக மல்லிகையன்றி வேறெதையும் அறியாதது. அதைக் கழுவித் துண்டுகளை இட்டு ஃப்ரீசரில் வைத்தார்.

மறுநாள் திருவமுது வழவழப்பாகவே வந்தது. படைத்தார். மங்கையர்க்கரசி உள்ளங்கையில் துளியை வாங்கி நாவில் இட்டார். நெற்றி சுருங்கியது. டங், டங்.

"சில்லு இல்லியேமா! அப்புறம் இன்னா?"

அவர் தம் கூந்தலில் இருந்த பூச்சரத்தைத் தொட்டுக் காட்டினார். கலியாணசுந்தரத்துக்கு விளங்கவில்லை. தாளவோசை கேட்டு வந்து நின்ற கமலவேணி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடியே முற்றத்துக்கு ஓடித் துப்பினார்.

"அடப்பாவி! மாம்பழத்த அரைச்சியா, மாலைய அரைச்சியாடா? கல்யாண மண்டபத்த முழுங்குன மாதிரி இருக்குது!"

"நான் மோந்து பாக்கலக்கா. பாக்கக் கூடாதே."

"மோந்தும் பாக்கல, ருசியும் பாக்கல. கண்ண மூடிக்கினு தறி நெய்வியா நீ?"

வாயில் கைவைத்துச் சிரிப்பை அடக்கிய மங்கையர்க்கரசிக்கு, சிரித்ததாலேயே வலி மிகுந்தது. அவர் சுவரோடு சாய்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைக் கண்டதும் கமலவேணியின் கேலி அடங்கியது. அவர் தம்பியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாமிக்குப் பண்றதத்தானேடா ருசி பாக்கக் கூடாது? எனக்குன்னு தனியாப் பண்ணு. நான் குடிச்சுப் பாத்து சரின்னு சொல்றேன். அப்புறம் அதே கையி, அதே அளவு, சாமிக்குப் பண்ணு."

எளியவர்க்கெல்லாம் வழி திறக்கும் பெருமான், அக்காவின் நாவில் வந்து அமர்ந்தான் என்றே கலியாணசுந்தரத்துக்குத் தோன்றியது.

அக்காவுக்கான வேள்வி அன்று பகலிலேயே தொடங்கியது. புதுத் தட்டொன்றில் மாம்பழத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நன்கு கனிந்த வாழைப்பழ வில்லைகளையும் உடன் வைத்து உறையவிட்டார். காய்ச்சி ஆறிய பாலையும் அதில் திரண்ட பாலேட்டையும் தனியே குளிரவைத்தார். துண்டுகள் கல்லாக இறுகியதும் மிக்ஸியில் இட்டார். மிக்ஸி உறுமி நின்றது.

"பால ஊத்துடா."

ஊற்றினார். நீர்த்துப் போனது. கமலவேணி குடித்துவிட்டு, "தண்ணியா இருக்குது. இன்னொரு தபா பண்ணு," என்றார்.

மறுமுறை துண்டுகளைச் சற்று நேரம் வெளியே இருக்கவிட்டு, பாலைச் சிறிதாக வார்த்து, விட்டுவிட்டு ஓட்டினார். தறியோசையில் இழை அறுந்ததைக் கண்டுகொள்ளும் செவி அவருடையது. கடகடவென்ற ஓசை தணிந்து, மத்தளத்தின் இடந்தலை போல் ஓசை திரண்டு கனத்ததும் நிறுத்தினார். மேலே ஏட்டை இட்டு ஒரே சுற்று. அகப்பையிலிருந்து அது பட்டு மடிந்து விழுவதுபோல் விழுந்தது.

கமலவேணி குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார்.

"இன்னாக்கா, சரியா?"

"ஒரு டம்ளர்ல இன்னா தெரியும்? இன்னும் கொஞ்சம் ஊத்து, பாத்துச் சொல்றேன்."

உள்ளறையிலிருந்து தாளம் இரண்டு தட்டுத் தட்டியது. தமக்கல்லாத ஒன்றை நாத்தனார் சுவைத்துக்கொண்டிருப்பதை மங்கையர்க்கரசி அறிந்திருந்தார்!

மறுநாள் விடியலில் கலியாணசுந்தரம் நீராடி வந்தார். முகராமல், சுவைக்காமல், முந்தைய நாள் கைகண்ட அளவில் கை செல்ல, செவி வழி நடத்த, திருவமுதை ஆக்கினார். வெள்ளிக் கிண்ணத்தில் இட்டுப் படைத்தார். "பெருமானே, உனக்குப் பிடித்தால் அவளுக்கும் பிடிக்கும்," என்று மட்டும் வேண்டினார்.

மங்கையர்க்கரசி கை குழித்தார். துளி விழுந்தது. நாவில் கரைந்தது. அது தொண்டை வழி இறங்கும்போது, அங்கே எரிந்துகொண்டிருந்த நெருப்பின் மேல் பொய்கைக் காற்று வீசிச் சென்றதை அவர் முகமே சொன்னது. கண் மூடி அசையாதிருந்தார்.

டங்.

ஒரே தட்டு. பிறகு கிண்ணத்தை வாங்கி, முழுவதையும், இடையில் நிறுத்தாமல், துளி மிஞ்சாமல் குடித்தார். அறுவைக்குப் பின் அவர் பேசிய முதல் சொற்கள் கிசுகிசுப்பாக வந்தன.

"மிச்சம் இருக்குதாங்க?"

வாசலில் நின்ற கமலவேணி தம் கையிலிருந்த டம்ளரை முந்தானைக்குள் மறைத்தார்.

அன்று முதல் காலையும் மாலையும் பெருமானுக்குக் குளிர்ந்த திருவமுது தவறவில்லை. பிரசாதமும் துளியளவில் நிற்கவில்லை. அடுத்த வாரம் மருத்துவர் விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா ஆறியிருக்கே! இன்னாம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "பிரசாதம்," என்றார் மங்கையர்க்கரசி. வாலாஜாபாத்துக்கு யாரும் ஆளனுப்பவில்லை.

சதயத்து மாலையில் உற்சவர் மலர்க்குவியலாக வீதிக்கு எழுந்தருளினார். தறிகள் ஓய்ந்திருந்தன. மங்கையர்க்கரசி அரக்கு வண்ணப் பட்டுடுத்தி, முன்வரிசையில், யாருடைய முதுகும் மறைக்காத இடத்தில் நின்றார். முதற்சொல்லை எடுத்தபோது குரல் மெல்லத்தான் எழுந்தது. இரண்டாம் அடியில் அது விரிந்தது. மேல்நிலையைத் தொடவேண்டிய இடத்தில் கலியாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். குரல் அங்கே ஏறி, நின்று, நிலைத்து, கோபுரத்துப் புறாக்களை எழுப்பிவிட்டு இறங்கியது. வழிப்பதிகம் பாட வந்த பெண்கள் தங்கள் முறையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பதிகம் நிறைந்து தீபாராதனை முடிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலியாணசுந்தரம் மனைவியிடம் வந்தார். முகத்தின் வியர்வையை ஒற்றும்படி துண்டை நீட்டியவர் காதோடு கேட்டார்.

"வூட்டுக்குப் போயி சில்லுனு பண்ணட்டுமா?"

இப்போது வாய்விட்டுப் பேச மங்கையர்க்கரசிக்குத் தடையேதும் இல்லை. ஆயினும் புன்னகையோடு தாளத்தை எடுத்தார்.

டங்.

அடுத்த பதிகத்துக்கு எடுப்புத் தாளம் என்றெண்ணி வீதி முழுவதும் அமைதியாகிச் செவி சாய்த்தது. கலியாணசுந்தரம் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டை நோக்கி விரைந்தார். அவருக்கு முன்னால், அவரைவிட வேகமாக, கமலவேணி போய்க்கொண்டிருந்தார்.