சொல்லிவிட்டு வருகிறவர்

படத்தில் கனகரத்தினத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். கழுத்துப்பட்டி கஞ்சி போட்டதுபோல விறைப்பாக நின்றது. மடியில் இருந்த தொப்பியையும் சட்டைக்கையில் இருந்த மூன்று சார்ஜன்ட் பட்டிகளையும் காணவில்லை. விசில் சங்கிலி தொங்கிய இடத்தில் ஒரு சட்டைப்பை முளைத்திருந்தது. பையில் ஒரு பேனா. புஷ்பவதி கணவரின் படத்தை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். எங்கே காக்கி முடிந்து எங்கே வெள்ளை தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பேனா நாங்கள் கேக்கேல்லையே, நானா."

"வெறும் பை எடுப்பா இரிக்கல்ல தங்கச்சி. உத்தியோகக்காரர்ர படம் எண்டா ஒரு பேனா வெக்கிறதுதான் வழக்கம்" என்றார் அபூதாஹிர். பிரதான வீதியில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். கலியாணப் பேச்சுக்குப் போகும் பெண்களின் அம்மைத் தழும்பை மறைப்பார். செத்தவீட்டுப் படத்தில் மூடிய கண்ணைத் திறந்துவைப்பார். சார்ஜன்ட் பதவி கிடைத்த அன்று கனகரத்தினம் நேரே இங்கே வந்துதான் இந்தப் படத்தை எடுத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி. அது மூன்று வருடத்துக்கு முன்னர். அவர் தனியாக எடுத்த படம் வேறு எதுவும் வீட்டில் இல்லை.

அபூதாஹிர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்தார். "இன்னொரு வேல மிச்சம் இரிக்கி. நெத்தியப் பாருங்க. தொப்பிக் கோடு."

பார்த்தாள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே முகம் இரண்டு நிறமாகப் பிரிந்திருந்தது. கீழே பதினெட்டு வருட வெயில். மேலே, வெயிலே படாத சின்னப் பிள்ளையின் தோல்.

"வெள்ளச் சட்ட போட்டவருக்கு இந்தக் கோடு எங்கால வரும் எண்டு ஆரும் கேப்பாங்க. ஒரு பூச்சில எடுத்திருவன். எடுக்கவா?"

அவளுடைய மைத்துனர் அருளம்பலம் சொல்லி அனுப்பியது தெளிவாக இருந்தது: பொலிஸ் என்று ஒரு அடையாளமும் தெரியக்கூடாது. ஆனால் அந்தக் கோட்டை அவள் இரவில் விளக்கை அணைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் வந்தால் அந்த வெளிறிய பகுதியில்தான் கையை வைத்துப் பார்ப்பாள்.

"அது இருக்கட்டும் நானா" என்றாள்.

படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் நடந்தாள். கீழே துறைமுகத்தில் நேவிக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. பாதி ஏற்றத்தில் கால் வலிப்பதுபோல நின்றாள். கால் வலிக்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டை அபூதாஹிர் கற்பனையில் வரைந்தது அல்ல என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. அந்தச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டவள் அவள்தான்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, இயக்கங்கள் தமிழ்ப் பொலிஸ்காரரைக் குறிவைத்த நாட்களில், ஒருநாள் அவள் அவரிடம் கேட்டாள்: காக்கியோடு வீட்டிலிருந்து போகவேண்டாம். வெள்ளைச் சட்டையோடு போய், ஸ்டேசனில் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா. அவர் சிரித்தார். "அப்ப நான் பள்ளிக்கூட வாத்தியாரோ?" என்றார். ஆனாலும் மறுநாள் காக்கியை ஒரு சீலைப் பையில் மடித்துக்கொண்டு போனார். பிறகு அவள் இன்னும் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முடக்கில் சைக்கிள் மணி அடிக்கவேண்டாம், அயலார் எட்டிப் பார்க்கிறார்கள். அதையும் விட்டார். காக்கியைத் தோய்த்தால் முற்றத்துக் கொடியில் போடமாட்டாள். உள்ளறையில் கம்பி கட்டி, அதன்மேல் தன் சேலையை விரித்து மறைத்துக் காயவைப்பாள். அயலில் எல்லாருக்கும் அவர் பொலிஸ் என்று தெரியும்தான். ஆனால் தெரிந்திருப்பதும் கொடியில் கிடந்து கண்ணில் படுவதும் வேறு என்று அவள் நினைத்தாள். வெயில் படாத உடுப்பில் ஒரு மக்கல் மணம் எப்போதும் இருந்தது. "என்ர காக்கிக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று ஒருமுறை மகளிடம் சொன்னார். அதைத் தவிர அவர் ஒன்றும் சொன்னதில்லை.

நாலு கிழமைக்கு முந்திய வியாழக்கிழமையும் வெள்ளைச் சட்டையோடுதான் போனார். ஸ்டேசனில் மாற்றிக்கொண்டு, நீதிமன்றச் சம்மன் ஒன்றைக் கொடுப்பதற்காகச் சைக்கிளில் சாம்பல்தீவுக்குப் போனவரைப் பாலத்தடியில் வைத்துச் சுட்டார்கள். யார் என்று ஒருவரும் சொல்லவில்லை; தெரியாமலும் இல்லை. அன்று போட்டிருந்த காக்கி திரும்பி வரவில்லை. ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை ஒரு கொன்ஸ்டபிள் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

படம் வாங்கி வந்த அன்று பின்னேரம் அருளம்பலம் கல்வெட்டின் அச்சுப் பிரதியோடு வந்தார். சனிக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் அதற்குள் அச்சாகவேண்டும். கனகரத்தினத்தின் மூத்த அண்ணன் அவர்; மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதர். கதிரையின் நுனியில் இருந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறந்தது, படித்தது, மணம் முடித்தது. பிறகு, "அரசாங்க உத்தியோகத்தராகக் கடமையாற்றி, அகால மரணமெய்தினார்." அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய புலம்பல்.

"'கோவைகள் காத்த கையே, குறிப்புகள் வரைந்த கையே...'"

அறை வாசலில் நின்ற மகள் இராசமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வயது. இருபத்தேழு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அப்பா கோவை, ஃபைல் எண்டு ஒண்டையும் காக்கேல்லை, பெரியப்பா. என்ர றிப்போட் காட்டையே எங்கையோ துலைச்சவர்."

அருளம்பலமும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

"என்னைப் பயந்தவன் எண்டு நினையாதை, புஷ்பம். இருநூறு புத்தகம் அடிக்கிறம். எந்த வீட்டு மேசையில கிடக்கும், ஆர் எடுத்து வாசிப்பினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. இவள் ஒவ்வொரு நாளும் அந்த ரோட்டாலதான் பள்ளிக்கூடம் போறவள்."

"ஓம் அத்தான். நீங்கள் சொல்லுறது சரி."

சரிதான். அதில் பிழை காண அவளால் முடியவில்லை. அவர் இப்போது இருநூறு பிரதியில் செய்வதைத்தானே அவள் இரண்டு வருடமாக ஒரு கம்பியிலும் ஒரு சேலையிலும் செய்து வந்தாள்.

போகும்போது அருளம்பலம் நினைவுபடுத்தினார். "ஸ்டேசன் கடிதம் மறந்துபோடாதை. வெள்ளிக்கிழமைக்குள்ள உடுப்பு, பெல்ட், தொப்பி எல்லாம் திருப்பிக் குடுக்கவேணும். தோய்ச்சுக் குடுக்கட்டாம். குடுத்திட்டால் வீட்டில ஒண்டும் மிஞ்சாது. அதுவும் நல்லதுக்குத்தான்."

மறுநாள் மத்தியானம் ஒரு பெண் வாசல் படலையடியில் நின்று கூப்பிட்டாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கையில் பனையோலைப் பை, பை நிறையச் சின்ன வெங்காயம். கதிரையில் இருக்கச் சொன்னபோது மறுத்து வாசற்படியில் இருந்தாள். தண்ணீரையும் தொடவில்லை.

"நான் வள்ளியம்மா. சாம்பல்தீவு. என்ர ஆட்டு வழக்குக்குத்தான் ஐயா வந்தவர்."

புஷ்பவதி அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்தாள். ஆட்டு வழக்கு என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தை மேய்ந்த ஆடு. அந்த ஆட்டுக்கு ஒரு சொந்தக்காரி இருப்பாள், அவளுக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"அதுக்கு முதல் கிழமையும் வந்தவர். காக்கியைக் கண்டவுடனை நான் வேலிக்குள்ளால பாய்ஞ்சன். 'ஓடாதையுங்கோ அம்மா, இண்டைக்குக் கடுதாசி கொண்டுவரேல்லை' எண்டு சிரிச்சவர். வாற வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவருவன், கையெழுத்து வைக்க ஆளாய் இருங்கோ, பயப்பிடாதையுங்கோ, இதைச் சொல்லத்தான் வந்தனான் எண்டார்."

"இதைச் சொல்ல அவ்வளவு தூரம் வந்தவரோ?"

"எப்பவும் அப்பிடித்தான், பிள்ளை. எங்கட ஊரில அவருக்குப் பேரே சொல்லிப்போட்டு வாறவர். மற்றப் பொலிஸ்காரர் திடீரெண்டு வந்தால் சனம் ஓடும். இளம் பெடியள் பத்தைக்குள்ள பாயுங்கள். ஓடுறதைக் கண்டால் சுடுவாங்கள். போன வருசம் ஒண்டு அப்பிடித்தான் போனது, குற்றமில்லாத பிள்ளை. அதுக்குப் பிறகு இவர் ஒரு கிழமைக்கு முந்தியே சொல்லிப்போடுவார், இன்ன நாள் இன்ன நேரம் எண்டு. பாலத்தடி திரும்பேக்கை ரெண்டு தரம் பெல் அடிப்பார். ஆ, இது அவர்தான் எண்டு சனம் தன்ர பாட்டில நிற்கும்."

இரண்டு தரம். ஒழுங்கை முடக்கில் அவர் அடிப்பதும் இரண்டு தரம்தான். இங்கே நிறுத்திய மணியை அவர் அங்கே அடித்திருக்கிறார்.

வள்ளியம்மா வெங்காயப் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்ல வந்தது இன்னும் வரவில்லை என்று புஷ்பவதிக்கு விளங்கியது.

"நான் கிணத்தடியில சொன்னனான்" என்றாள் வள்ளியம்மா. "வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொலிஸ் ஐயா என்னட்டை வாறார் எண்டு. பெருமைக்குச் சொன்னனான், பிள்ளை. ஆட்டுக்காரிக்கு நேரம் சொல்லி ஆர் வருவினம்? அண்டைக்குக் கிணத்தடியில ஆர் ஆர் நிண்டது எண்டு இந்த இருபத்தெட்டு நாளும் எண்ணிப் பாக்கிறன். ஏழு பேர். ஒவ்வொருத்தராய் முகம் வருகுது. நீங்கள் ஏசினால் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்தனான்."

முற்றத்தில் ஒரு காகம் வந்து இருந்துவிட்டுப் பறந்தது. புஷ்பவதி தனக்குள் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. முதலில் இந்தப் பெண்மேல் வந்தது. கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டுப் பெருமை பேசிய அந்த வாயின்மேல். பிறகு அது அவளை விட்டு அவர்மேல் போயிற்று. நாளையும் நேரத்தையும் ஊருக்குச் சொல்லிவிட்டு, மணியும் அடித்துக்கொண்டு போயிருக்கிறார் மனிதர். வீட்டில் எத்தனை ஒளிப்பு, எத்தனை கவனம். ஒளித்துவைத்தால் தப்புவார் என்று அவள் நினைத்தாள். தெரியவைத்தால் நாலு பிள்ளைகள் தப்பும் என்று அவர் நினைத்திருக்கிறார். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. கேட்டதையெல்லாம் செய்தாரே என்று இருந்துவிட்டாள்.

"அண்டைக்கும் பெல் அடிச்சவரோ?"

"ஓம். பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கும். நான் முகம் கழுவிச் சீலை மாத்திக்கொண்டு நிண்டனான்."

புஷ்பவதி குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். வள்ளியம்மா கோப்பையைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்துவிட்டுக் குடித்தாள். எழும்பும்போது, "படத்தை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டாள்.

அலுமாரிக்கு மேல் சாத்தியிருந்த படத்தை எடுத்துக் காட்டினாள். வள்ளியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆளைத் தெரிந்த குறி ஒன்றும் அவள் முகத்தில் இல்லை.

"இது ஆர்? ஐயாவின்ர சகோதரமோ?"

வள்ளியம்மா படத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னும் கிட்டப் பார்த்தாள். சட்டையை, பேனாவை, பிறகு மேலே. விரல் படத்தைத் தொடாமல் நெற்றிக்கு நேரே நின்றது.

"ஓம் ஓம். அவர்தான். தண்ணி குடிக்கத் தொப்பியைக் கழட்டுவார், அப்ப இந்த நெத்தியைக் கண்டிருக்கிறன்."

படலை வரை போய், "சனிக்கிழமை அந்தியேட்டி. வாங்கோ" என்றாள் புஷ்பவதி. மன்னித்துச் சொன்னதா, வழமைக்குச் சொன்னதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. வள்ளியம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறக்கத்தில் நடந்தாள்.

வியாழக்கிழமை காலையில் புஷ்பவதி உள்ளறைக் கம்பியிலிருந்து அவருடைய மாற்றுக் காக்கியை எடுத்தாள். அது ஏற்கெனவே தோய்த்துக் கிடந்ததுதான். ஆனால் அந்த மக்கல் மணம் போகவில்லை. கிணற்றடியில் போட்டு மறுபடியும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாள். மூன்று முறை அலசினாள். சோற்றுக் கஞ்சியை வடித்து அளவாகத் தண்ணீர் கலந்து முக்கிப் பிழிந்தாள். வீட்டில் இருந்த மற்றத் தொப்பியைத் தூரிகையால் துடைத்துக் கதிரையில் வைத்தாள்.

"உள்ளுக்குக் கொண்டுபோய்ப் போடட்டோ, அம்மா?" இராசமலர் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு வந்து நின்றாள். கை தானாகவே நீண்டது. இரண்டு வருடப் பழக்கம்.

"வேண்டாம். இண்டைக்கு வெளியில போடுவம்."

மகள் அவளைப் பார்த்தாள். பிறகு முற்றத்துக் கொடியில் கிடந்த தன் பாவாடையையும் துவாயையும் ஒரு பக்கமாக ஒதுக்கி நடுவில் இடம் விட்டாள்.

வழக்கமாக நிறம் வெளிறாமல் இருக்க உட்பக்கத்தை வெளியே திருப்பித்தான் காயப்போடுவாள். இன்று திருப்பவில்லை. நீள்காற்சட்டையை விரித்தாள், பக்கத்தில் சட்டையை, தோள் இரண்டையும் இழுத்து நேராக்கி, பட்டிகள் ஒழுங்கைப் பக்கம் தெரியும்படி விட்டாள். ஒரு கிளிப் நழுவி விழுந்தது. அதை மகள் எடுத்துக் கொடுத்தாள்.

எதிர்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது. திறந்தே இருந்தது. ஒழுங்கையால் பால் கொண்டுபோனவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முன்பைவிட வேகமாகச் சைக்கிளை மிதித்தார்.

இராசமலர் புத்தகப் பையோடு படலையால் வெளியேறினாள். அவளுடைய பின்னல் முடக்கில் மறையும்வரை புஷ்பவதி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு மட்டுமல்ல, இனி ஒவ்வொரு காலையும் இப்படித்தான் நிற்கவேண்டியிருக்கும் என்று தோன்றியது. உடுப்பை எடுத்து உள்ளே போட்டுவிட இப்போதும் நேரம் இருந்தது. அவள் கொடியைப் பார்த்தபடி படியில் இருந்தாள்.

எட்டு மணிபோல அருளம்பலம் வந்தார். சைக்கிள் கரியரில் கல்வெட்டுக் கட்டுகள், பழைய பத்திரிகையில் சுற்றி, கயிற்றால் வரிந்து. படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார். கொடியைப் பார்த்தார், எதிர்வீட்டு யன்னலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சைக்கிளை மதிலோடு சாத்தி, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது.

"எப்ப எடுப்பாய், புஷ்பம்?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"காயட்டும், அத்தான்."

துறைமுகப் பக்கமிருந்து காற்று ஏறி வந்தது. சட்டையின் கைகள் இரண்டும் மெல்ல நிறைந்து தளர்ந்தன. வெயில் தோளில் பிடித்திருந்தது. அங்கிருந்து ஈரம் கீழே கீழே இறங்க, கருமையாகக் கிடந்த துணி கொஞ்சம் கொஞ்சமாகக் காக்கி நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் கழுத்துப்பட்டி, பிறகு மூன்று பட்டிகள். கைநுனியில் மட்டும் இன்னும் சொட்டியது.