பொன்னம்பலத்தின் இடுப்பளவு

இருபது பவுண். பார்சலோடு வந்த சுங்கத் தாளில் அந்தக் கில்ட்டுக்கு எழுதியிருந்த விலை அது. ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை. சம்பந்தியின் தகப்பன் தன் கலியாணத்தில் கட்டியது. எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் அது கிடைக்காது. ஆனாலும் வரி என்று வந்துவிட்டால் மனிதன் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று அந்த இருபதைப் பார்த்ததும் பொன்னம்பலத்துக்கு விளங்கிற்று. சம்பந்தியை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. பாரிஸின் லாச்சப்பலில் முப்பது வருடமாக மரக்கறிக் கடை வைத்திருப்பவருக்கு இந்தப் பொருத்தமே போதும். சாதகம் வேறு எதற்கு?

மகள் சாம்பவி சம்பந்தியின் மகன் டங்கனைக் கட்டும் நாளில், அதை உடுத்திக்கொண்டு அவளை மண்டபத்துக்குள் கூட்டிவருவதாகப் பொன்னம்பலம் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய அளவெடுத்துத் திருத்தித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது போன வருடத்து வயிறு. பிறகு சீனி வருத்தம் என்று டொக்டர் வெருட்ட, இரவுச் சோற்றை விட்டார். ஒபர்வில்லியேயிலுள்ள மொத்த வியாபாரக் கடைக்கு வான் வண்டியில் போகாமல் நடந்து போய்வந்தார். பதினாறு கிலோ போயிற்று. கலியாணம் நெருங்க எடுத்துக் கட்டிப் பார்த்தால், வாடகை கேட்டதும் நழுவுகிறவன் மாதிரி கில்ட் இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது.

லாச்சப்பலில் மெலிவது லேசான காரியமில்லை. அங்கே தொந்திதான் வியாபாரியின் நற்சான்றிதழ். அது கரைந்தால் ஒன்றில் கடைக்கு நட்டம், இல்லாவிட்டால் ஆளுக்கு நட்டம். "என்ன அண்ணை, இப்பிடிக் கொட்டுண்டு போனியள்?" என்று கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். "நடக்கிறன்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அவருக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. முதல் பன்னிரண்டு கிலோவை அவர் குறைத்தார். மற்ற நாலும் தாமாகவே போயின. கை நடுங்கியது, நித்திரை வரவில்லை. திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார், மறுமொழி வெள்ளிக்கிழமை. மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. கலியாண வீட்டில் பயப்பட ஓராள் போதும்.

செவ்வாய்க்கிழமை கில்ட்டை அரிசிப் பையொன்றில் வைத்துக்கொண்டு மேரிறோஸின் தையல் கடைக்குப் போனார். மன்னார்க்காரி. துணியில் ஊசி ஏற்றுவதைவிடத் துணிக்காரனில் விலை ஏற்றுவதில் கெட்டிக்காரி. அவள் அறுபது கேட்பாள், இவர் பதினைந்து என்பார், அவள் நெஞ்சில் கைவைப்பாள், முப்பத்திரண்டில் முடியும். இருவருக்கும் அது தேநீர் குடித்த மாதிரி.

"என்ன அண்ணை, பள்ளிக்கூடப் பெட்டையளின்ரை பாவாடையோ?"

"வாயை மூடும் பிள்ளை. ராசாமார் கட்டுறது. இடுப்பு வார்ப் பக்கிளைத் தள்ளித் தைச்சா முடிஞ்சுது."

கால்சட்டைக்கு மேலே அதைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவள் குண்டூசிகளை வாயில் கடித்தபடி அளந்தாள். அளக்க அளக்க அவள் முகத்திலிருந்த பகிடி வடிந்துபோயிற்று.

"பக்கிளைத் தள்ளினாக் காணாது அண்ணை. பின்னாலை இருக்கிற மடிப்பெல்லாம் முன்னாலை வந்து நிக்கும். இடுப்பைப் பிரிச்சு, ஒவ்வொரு மடிப்பையும் கொஞ்சங் கொஞ்சம் ஆழமாப் பிடிக்கவேணும். கட்டமும் பிசகக்கூடாது."

வேலையைப் பெரிதாக்குகிறாள், எண்பது கேட்கப்போகிறாள் என்று பொன்னம்பலம் தயாரானார்.

"எவ்வளவு?"

"நீங்கள் தாறதைத் தாங்கோ."

"பத்து யூரோ," என்றார், சண்டையைத் தொடக்கிவைக்க.

"சரி அண்ணை."

பொன்னம்பலம் இன்னும் இறங்கிப் பார்த்தார். "அஞ்சு."

"காசை விடுங்கோ அண்ணை. பிள்ளையின்ரை கலியாணம். நீங்கள் இருந்து பாத்தியளெண்டாக் காணும்."

வெளியே பாலத்தின் மேல் மெற்றோ ரயில் ஒன்று கடகடத்துப் போயிற்று. வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: உயிரோடு இருக்கிறவனிடம்தான் விலை பேசுவார்கள். செத்தவனுக்கு எல்லாம் சும்மா.

"ஆர் சொன்னது உமக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரும் கதைக்கினம்."

"என்னெண்டு?"

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை மெல்ல எடுத்தாள். "பெரிய வருத்தமெண்டு."

"நான் நடக்கிறன் பிள்ளை!" அவருடைய குரல் அவருக்கே கடன் கேட்கிறவனின் குரலாகக் கேட்டது.

"ஓம் அண்ணை," என்றாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு மரக்கறிக் கடையில் எல்லாரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். முருங்கைக்காயை ஒருவரும் முறித்துப் பார்க்கவில்லை. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது. அதுதான் அவருக்குப் பெரிய பயமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை மேரிறோஸ் கூப்பிட்டாள். திரைக்குப் பின்னால் போய்க் கால்சட்டையைக் கழற்றிவிட்டு, கில்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பக்கிளை அவள் பூட்டும்போது கைபேசி அடித்தது. டொக்டர். "வுய்... வுய்..." என்று பிரெஞ்சில் ஓம்போட்டார் பொன்னம்பலம். பிறகு "மெர்சி டொக்டர்" என்று நாலு தரம் சொல்லிவிட்டு, தையல் மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை?"

"தைரொயிட்டாம். கழுத்துக்குள்ளை ஒரு சுரப்பி ஓவர்ரைம் செய்யுதாம். குளிசை போட்டா அடங்கிப்போமாம். வேறை ஒண்டும் இல்லையாம், பிள்ளை. போன கிலோவிலையும் கொஞ்சம் திரும்பி வருமாம்."

மேரிறோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். மூக்கையும் துடைத்தாள்.

"அப்ப எழுபத்தஞ்சு," என்றாள்.

"என்னது? செவ்வாய்க்கிழமை சும்மா எண்டீர்!"

"செவ்வாய்க்கிழமை நீங்கள் சாகக் கிடந்தனீங்கள்."

"பத்துக்குச் சரியெண்டு உம்மடை வாயாலை சொன்னனீர்."

"அது இரக்கம் அண்ணை. இரக்கத்துக்கு நான் விலைப்பட்டியல் போடுறேல்லை. மடிப்பைப் பாருங்கோ, ஒரு துண்டும் வெட்டேல்லை, எல்லாம் உள்ளுக்கை கிடக்கு. உடம்பு வைச்சோடனை கொண்டுவாங்கோ, பிரிச்சு விடுறன். அதுக்குக் காசு வேறை."

"பகல் கொள்ளை! இருவது."

"இருவதோ? இருவதுக்கு ஒரு தலாணி உறை தைக்கலாம். அதைக் கட்டிக்கொண்டு போங்கோ கலியாணத்துக்கு!"

பொன்னம்பலம் ரோசத்தோடு திரும்பி விறுவிறென்று தெருவில் இறங்கி நடந்தார். போன் கார்ட் விற்கும் பொடியன் ஒருவன் விசிலடித்தான். "எங்கை அண்ணை, பாவாடையோடை வெளிக்கிட்டியள்?" என்று எதிர்க்கடைக்காரர் கத்தினார். அப்போதுதான் அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். மயிர் அடர்ந்த கெண்டைக்கால் இரண்டும் பாரிஸ் காற்றை வாங்கிக்கொண்டு நின்றன. அவ்வளவு வீச்சாய் நடந்தும் கில்ட் ஒரு விரல்கூட இறங்கவில்லை. கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடிப்புகள் விசிறி மாதிரி பின்னால் அசைந்தன. இடுப்பில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு, எதிர்க்கடைக்காரருக்காக ஒருமுறை சுற்றிக் காட்டினார்.

"ஆளிலை ஒரு குறையும் இல்லைப் போலை," என்றார் எதிர்க்கடைக்காரர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பொன்னம்பலம் திரும்பிவந்தார். இன்னும் கால்மணி நேரம் போயிற்று. அவள் நெஞ்சில் கைவைத்தாள். அவர் மகளின் மண்டபச் செலவைச் சொல்லி அழுதார். இருவருக்கும் தொண்டை வறண்டது. கடைசியில் மேரிறோஸ் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வெட்டுமேசையின் ஓரத்தில் எழுதினாள்:

பொன்னம்பலம் அண்ணை. பேசினது 52. தந்தது 40. மிச்சம் 12, உடம்பு வைச்சு வரேக்கை.