எமிலியா அக்கா மோந்து பார்த்த வான்

தலவில அன்னம்மாள் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, இனிமேல் சொட்டும் தொடமாட்டேன் என்று றொபி சத்தியம் செய்த பிறகுதான் யூஜினி தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். மறுபடி குடித்தால் பெட்டியைத் தூக்குவேன் என்று அவள் சொன்னது முந்தல் டவுன் வரைக்கும் தெரியும். அடுத்த வீட்டு எமிலியா அக்காவின் வாய் அவ்வளவு தூரம் போகும்.

அன்று பட்டப்பகலில் றொபி இறால் குஞ்சு ஏற்றி ஓட்டும் வான் ரோட்டின் இரண்டு கரையையும் அளந்துகொண்டு வந்து, யூஜினியின் கண்முன்னே எமிலியா அக்காவின் கிடுகுவேலியில் ஏறி நின்றது. இறங்கியவனுக்குக் கால் நிற்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நேராத்தானே வந்தேன். இந்த வேலி எப்ப இங்க வந்தது?"

"நான் கலியாணம் முடிச்ச காலத்திலேருந்து அங்கதான் நிக்குது, தம்பி!" என்றார் எமிலியா அக்கா. "அன்னம்மாளையே ஏமாத்திட்டானே!"

யூஜினி மனத்துக்குள் பாதிப் பெட்டியை அடுக்கிவிட்டாள். ஆனாலும் அவன் வாயை மோந்து பார்த்தாள். காலையில் தின்ற பாணும் சம்பலும்தான் மணத்தன.

"போத்தல் பின்னுக்குக் கிடக்கும். நான் எடுத்துக் காட்டுறேன் பாரு."

எமிலியா அக்கா பின்கதவைத் திறந்து, இறால் குஞ்சுப் பைகளுக்கிடையே தலையை விட்டுத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் மேல்மூச்சு வாங்க வெளியே வந்து, வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தலை சுத்துது, புள்ள..."

"ஏனக்கா, நீங்களும் ஒரு வாய் போட்டீங்களோ?"

கேட்ட பிறகுதான் யூஜினிக்குப் பொறி தட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். பைகளுக்கு நடுவே மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியொன்று வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் கடற்காற்றில் உட்கார்ந்திருந்த றொபிக்குப் பேச்சுத் தெளிந்துவிட்டது. குஞ்சுகள் சூடாகாமலிருக்க வழக்கமாக வைக்கும் ஐஸ் இன்று கிடைக்கவில்லையாம். ஆலங்குடா ஹோட்டலில் கலியாண விருந்தில் மிஞ்சிய டிரை ஐஸைச் சும்மா தந்தார்களாம். குளிர் வீணாகாமலிருக்க எல்லாக் கண்ணாடியையும் இறுக்கி மூடினானாம்.

ரோட்டில் கூடியவர்களோடு வந்து பார்த்த டொக்டர் சொன்னார்: அந்த ஐஸ் விடும் வாயு நல்ல காற்றைத் தள்ளிவிடும், ஒட்சிசன் குறையக் குறைய மூளை மந்தமாகும், கை பிந்தும், ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தான் நேராகப் போவதாகத்தான் தோன்றும். வேலி தடுத்திராவிட்டால் வான் அதற்கப்பால் கிடக்கும் களப்புத் தண்ணீருக்குள் போயிருக்கும்.

"குஞ்சுக்கெல்லாம் பையில ஒட்சிசன் அடிச்சு ஏத்தத் தெரியுது, தனக்கு ஒரு கண்ணாடி திறக்கத் தெரியல்ல!" யூஜினி ஏசினாள். ஏசும்போதே கண் நிறைந்தது. பிறகு, ரோட்டில் கூடி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"என்ட மனுசன் குடிகாரன் இல்ல. மடையன்!"

தலையைப் பிடித்துக்கொண்டிருந்த எமிலியா அக்காவுக்கு, அதை முந்தல் வரைக்கும் கொண்டு போக அன்று மூச்சுப் போதவில்லை.